முகிலுக்குள் ஒரு துகள்

நுழையும்முன்

நீர் ஆவியாகிறது, ஆவி மேலெழுந்து குளிர்கிறது, குளிர்ந்த ஆவி மேகமாகிறது. தொடக்கப் பள்ளியிலேயே கற்ற பாடம் இது. இப்பாடத்தில் ஒரு கண்ணி விடுபட்டிருக்கிறது. மாசு மறுவற்ற தூய காற்றில் நீராவி எளிதில் துளியாவதில்லை. பற்றிக்கொள்ள அதற்கு ஒரு நுண்துகள் வேண்டும். அத்துகள்கள் நிறைந்து கிடக்கும் ஊர்களில் இவ்வுண்மை வெளியே தெரிவதில்லை. அவை அருகிப்போன துருவப் பகுதிகளில், ஒரு மேகம் நிலைப்பதும் கலைவதும் அத்துகளைப் பொறுத்தே அமைகின்றன. மேகத்தைப் பொறுத்துப் பனிப்பரப்பின் வாழ்வு அமைகிறது.

பஞ்சில் வடிகட்டிய காற்று

1875ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிவியலாளர் பால் ழான் கூலியே, கண்ணாடிக் குடுவை ஒன்றில் சிறிது நீரை ஊற்றி மூடி, உள்ளிருந்த காற்றைத் திடீரென விரிவடையச் செய்தார். விரிந்த காற்று குளிர்ந்தது. குடுவைக்குள் மெல்லிய மூடுபனி தோன்றியது. பஞ்சின் வழியே வடிகட்டிய காற்றைக் கொண்டு அதே சோதனையைச் செய்தபோது மூடுபனி தோன்றவில்லை. காற்றும் நீரும் குளிர்ச்சியும் முன்போலவே இருந்தன. பஞ்சு தடுத்து நிறுத்திய ஏதோ ஒன்று மட்டுமே அங்கு இல்லை.

கூலியேயின் சோதனையை அறியாமலே, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கன் ஐந்தாண்டுகளுக்குப் பின் அதே முடிவை வந்தடைந்தார். பொறியியல் பயின்ற அவர், உடல்நலக் குறைவால் அத்தொழிலை விட்டு, வீட்டிலேயே ஆய்வகம் அமைத்துக்கொண்டு வாழ்ந்தவர். இரண்டு கண்ணாடிக் கலங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் அறைக்காற்று, மற்றொன்றில் பஞ்சால் வடிகட்டிய காற்று. இரண்டிற்குள்ளும் கொதிநீராவியைச் செலுத்தினார். முதற்கலம் வெண்புகை போன்ற மூட்டத்தால் நிறைந்தது. இரண்டாவது தெளிவாகவே இருந்தது. காற்றில் தூசு இல்லையெனில் மூடுபனியும் இல்லை, மேகமும் இல்லை என்று எய்ட்கன் அறிவித்தார். அவ்வாறான உலகில் நீராவி படிவதற்கு வேறு இடமின்றி மரங்களின் மீதும் வீட்டுச் சுவர்களின் மீதும் மனிதர் உடுத்திய ஆடைகளின் மீதும் படிந்து, எல்லாம் நனைந்து சொட்டிக்கொண்டே இருக்கும் என்றும் அவர் சுட்டினார். தூசு என்றாலே துடைத்து எறிய வேண்டியது என்று கருதிப் பழகிய மனத்திற்கு இது வியப்பான செய்தியே.

இதன் காரணம் துளியின் வடிவத்தில் இருக்கிறது. மிகச் சிறிய துளியின் மேற்பரப்பு மிகுதியாக வளைந்திருக்கும். வளைவு மிகும்போது மேற்பரப்பிலுள்ள நீர் மூலக்கூறுகளை அண்டை மூலக்கூறுகள் பிடித்து நிறுத்தும் வலிமை குறைகிறது. ஆகவே பிறந்த நொடியிலேயே துளி மீண்டும் ஆவியாகிவிடுகிறது. துகளே இல்லாத காற்றில் துளி நிலைபெற ஒப்பு ஈரப்பதம் பல நூறு விழுக்காட்டை எட்ட வேண்டும். இயற்கையான மேகத்திலோ அது நூறு விழுக்காட்டை ஒரு விழுக்காட்டளவு தாண்டுவதே அரிது. இந்த இடைவெளியை நிரப்புவது துகள். அதன்மேல் படியும் நீர் தொடக்கத்திலேயே ஓரளவு பருத்த துளியாகிவிடுகிறது. துகள் உப்பு போன்று நீரில் கரையும் பொருளாயின் நீரைத் தன்பால் ஈர்த்துப் பிடித்தும் வைக்கிறது. இவ்வாறு துளிக்கு இடம் தரும் துகளை மேகக்கரு எனலாம்.

மேகக்கருவின் பொதுவான பருமன் ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறிட்டால் கிடைக்கும் ஒரு கூறு. அதைச் சுற்றி வளர்ந்த மேகத்துளியின் விட்டம் ஏறத்தாழ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைத்துளி உருவாக அத்தகைய மேகத்துளிகள் பத்து இலட்சம் ஒன்றுசேர வேண்டும்.

எண்ணிக்கையும் வெண்மையும்

துகள்கள் மேகத்தை உண்டாக்குவதோடு நில்லாமல் அதன் இயல்பையும் மாற்றுகின்றன. ஒரு மேகத்திலுள்ள நீரின் அளவு மாறாமல், கருக்களின் எண்ணிக்கை மட்டும் எட்டு மடங்காகிறது என்று கொள்வோம். அதே நீர் எட்டு மடங்கு துளிகளாகப் பகிரப்படும். ஒவ்வொரு துளியின் ஆரமும் பாதியாகும். அவற்றின் மேற்பரப்புகளைக் கூட்டினால் முன்பிருந்ததைப்போல் இரு மடங்கு வரும். ஒளியைச் சிதறடிப்பது மேற்பரப்பு. ஆகவே மேகம் மேலும் வெண்மையாகி, கூடுதலான சூரிய ஒளியை விண்வெளிக்கே திருப்பி அனுப்புகிறது. இவ்விளைவை 1970களில் விளக்கியவர் ஷான் டூமி. பெருங்கடல்களின்மேல் கப்பல்கள் விட்டுச்செல்லும் புகையின் துகள்களால் மேகப்படலத்தில் நீண்ட வெண்கோடுகள் தோன்றுவதைச் செயற்கைக்கோள் படங்களில் காணலாம். கணக்கில் கண்டது அங்கே கண்ணெதிரே வரையப்பட்டிருக்கிறது.

சிறு துளிகள் ஒன்றோடொன்று மோதி இணைவதும் கடினம். அதனால் மேகம் தூறலாய் இறங்காமல் நெடுநேரம் நிற்கக்கூடும்.

கரு கிடைக்காத வானம்

நகரத்துக் காற்றில் ஒரு சர்க்கரைக் கட்டியளவு இடத்திற்குள், அதாவது ஒரு கன சென்டிமீட்டருக்குள், பல்லாயிரக்கணக்கான துகள்கள் மிதக்கின்றன. கோடைக்காலத்தில் ஆர்க்டிக் பெருங்கடலின் நடுப்பகுதியில் நிலைமை நேர்மாறானது. அங்கே மேகக்கருவாகத் தகுதியுள்ள துகள்கள் ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருப்பதுண்டு. சில வேளைகளில் ஒன்றுகூடத் தேறாது. பனிப்பாளங்களுக்கு இடையே கடல்நீர் தெரியும் அக்காலத்தில் ஈரப்பதத்திற்குக் குறைவில்லை. நீராவி காத்திருக்கிறது, கருதான் இல்லை.

2008ஆம் ஆண்டுக் கோடையில் சுவீடனின் பனியுடைப்புக் கப்பலான ஓடன், ஆய்வுக்குழு ஒன்றுடன் வடதுருவத்தை நெருங்கிப் பனிப்பாளம் ஒன்றில் தன்னைக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் மிதந்தது. அங்கே திரட்டிய அளவீடுகள் மேகத்தின் இந்த வறுமையைத் தெளிவாகக் காட்டின. கருக்கள் சிலவே இருக்கும்போது, கிடைத்த நீர் முழுவதும் அந்தச் சில துளிகளிலேயே சேர்கிறது. துளிகள் விரைந்து பருத்து எடை தாங்காமல் கீழே விழுகின்றன. விழும்போது தம்முள் இருந்த கருக்களையும் கொண்டுபோய்விடுகின்றன. அடுத்த மேகத்திற்கு எஞ்சும் கருக்கள் இன்னும் குறைவு. இவ்வாறு மேகம் தன்னைத்தானே கரைத்துக்கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு மெலிகிறது. அத்தகைய வானத்தில் சிறிதளவு துகள்கள் வந்து சேர்ந்தாலும் மேகத்தின் இயல்பு மாறிவிடும். பல்லாயிரம் துகள்களுள்ள நகரத்து வானில் நூறு துகள்கள் கூடினால் யாருக்கும் தெரியாது. வடதுருவத்தில் அது பெருஞ்செல்வம்.

குளிர்காலத்தில் ஆர்க்டிக் காற்று இவ்வளவு தூய்மையாக இருப்பதில்லை. 1950களில் அப்பகுதியில் பறந்த அமெரிக்க விமானிகள், மனிதக் குடியிருப்பே இல்லாத பனிவெளியின்மேல் பழுப்பேறிய மங்கல் படலத்தைக் கண்டு திகைத்தனர். ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் உள்ள தொழிற்சாலைகளின் கந்தகத் துகள்களும் கரித்துகள்களும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து அங்கு வந்து தங்கியிருந்தன. குளிர்காலத்து ஆர்க்டிக்கில் மழையும் பனிப்பொழிவும் குறைவு. காற்று மேலும் கீழும் கலப்பதும் இல்லை. கழுவி இறக்குவார் இன்றித் துகள்கள் வாரக்கணக்கில் மிதக்கின்றன. இளவேனிலில் உச்சத்தை எட்டும் அப்படலம், கோடைத் தூறல் தொடங்கியதும் கழுவப்பட்டு மறைகிறது.

கடலும் பறவையும் தரும் கரு

மேகம் கடலைப் பருகி எழுகிறது என்று கூறுவது தமிழ்ப் புலவர்களின் மரபு. கடலிலிருந்து மேகம் பெறுவது நீர் மட்டுமன்று. அலை உடையும்போது நுரைக்குமிழிகள் வெடித்து, உப்பும் நுண்ணுயிர்ப் பொருள்களும் அடங்கிய சிதறல்கள் காற்றில் ஏறுகின்றன. உப்புத் துகள் மிகச் சிறந்த மேகக்கரு.

கடல்வாழ் உயிர்களுக்கும் இதில் பங்குண்டு. கடலின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்தாவரங்களால் டைமெத்தில் சல்பைடு என்னும் கந்தகச் சேர்மம் வெளிப்படுகிறது. கடற்கரைக் காற்றில் வீசும் தனி மணத்திற்கு அதுவும் ஒரு காரணம். காற்றில் அது கந்தக அமிலமாக மாறி, அமில மூலக்கூறுகள் திரண்டு துகள்களாகின்றன. சார்ல்சன், லவ்லாக், ஆண்ட்ரியே, வாரன் ஆகிய நால்வரும் 1987இல் ஒரு துணிவான கருத்தை முன்வைத்தனர். கடல் வெப்பமடைந்தால் நுண்தாவரங்கள் மிகுதியான சேர்மத்தை வெளியிடும். மேகங்கள் வெண்மை பெறும். கடல் மீண்டும் குளிரும் என்பது அக்கருத்து. கடலே தன் வெப்பத்தை ஒழுங்குசெய்துகொள்கிறது என்ற அழகிய எண்ணம் பலரையும் கவர்ந்தது. பின்வந்த ஆய்வுகள் இயற்கை அவ்வளவு எளிய சக்கரமாகச் சுழல்வதில்லை என்று காட்டின. கடலுப்பும் பிற கரிமப் பொருள்களும் கணக்கில் நுழைந்தன. எனினும் நுண்தாவரங்களுக்கும் மேகத்திற்கும் இடையே தொடர்பைத் தேடும் ஆய்வுகளுக்கு அக்கருத்தே வழி திறந்தது. சில கருதுகோள்கள் தவறிய இடத்திலும் பயன் தருகின்றன.

அண்டார்க்டிகாவில் அண்மையில் கண்டறிந்த செய்தி இன்னும் சுவையானது. அர்ஜென்டினாவின் மராம்பியோ ஆய்வு நிலையத்திலிருந்து 8 கிலோமீட்டர் தொலைவில் அடேலி பெங்குவின்கள் ஏறத்தாழ 60,000 வாழும் குடியிருப்பு உள்ளது. 2023ஆம் ஆண்டு அங்கு அளவெடுத்த ஆய்வாளர்கள், அத்திசையிலிருந்து காற்று வீசும்போதெல்லாம் அம்மோனியாவின் அளவு வழக்கத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் உயர்வதைக் கண்டனர். பறவைகளின் எச்சத்திலிருந்து எழுந்த அம்மோனியா அது. கந்தக அமில மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரண்டு துகளாவதற்கு அம்மோனியா உறுதுணையாகிறது. பெங்குவின்கள் இடம்பெயர்ந்து சென்ற பின்னும் அவை விட்டுச்சென்ற எச்சம் இப்பணியைத் தொடர்ந்தது. ஆர்க்டிக்கின் கடற்பறவைக் கூட்டங்களும் இவ்வாறே துகள்கள் பிறக்க உதவுகின்றன. ஆர்க்டிக்கின் நடுக்கடலிலோ, கோடை முடிந்து நீர் மீண்டும் உறையும் பருவத்தில், அயோடினிலிருந்து தோன்றும் அயோடிக் அமிலம் துகள்களைப் பிறப்பிக்கிறது.

உறையாத நீர்

நீர் சுழியம் பாகை செல்சியசில் உறையும் என்பது விதி. மேகத்துளிகள் இவ்விதிக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. தூய நுண்துளி ஏறத்தாழ −38 பாகை வரையிலும் நீராகவே இருக்கக்கூடும். இதனை மீக்குளிர்ந்த நீர் என்பர். அதற்கு முன்னரே உறைய வேண்டுமானால் பனிப்படிகத்தின் அமைப்புக்கு ஒத்துப்போகும் தனிவகைத் துகள் தேவை. பாலைநிலத்துக் கனிமத்தூசு அத்தகையது. சிலவகை பாக்டீரியாக்களும் அத்தகையன. மேகக்கருவாகும் துகள்களோடு ஒப்பிட்டால் இவை மிகமிக அரியவை; பல இலட்சத்தில் ஒன்று என்னும் அளவில் கிடைப்பவை.

ஒரே மேகத்தில் மீக்குளிர்ந்த துளிகளும் பனிப்படிகங்களும் சேர்ந்திருந்தால் படிகங்களே வெல்லும். படிகத்தைச் சுற்றியுள்ள ஆவியழுத்தம் துளியைச் சுற்றியுள்ளதைவிடக் குறைவு. ஆதலால் துளிகள் ஆவியாகி, அந்த ஆவி படிகங்களில் போய்ப் படிகிறது. துளிகளைத் தின்று படிகங்கள் வளர்ந்து பனியாய் உதிர்கின்றன. இக்கருத்தை 1911இல் எடுத்துரைத்தவர் ஆல்பிரட் வெகனர். கண்டங்கள் நகர்கின்றன என்ற கொள்கைக்காகப் புவியியல் பாடத்தில் அறிமுகமாகும் அதே வெகனர்தான். கிரீன்லாந்தின் பனிப்பரப்பில் பலமுறை பயணம் செய்த அவர், 1930இல் அங்கேயே உயிர் நீத்தார்.

பனிக்கருக்கள் அரிதாக இருப்பதால் துருவ மேகங்களில் மீக்குளிர்ந்த நீர் நாள்கணக்கில் நிலைத்திருக்கிறது. இதை உரியவாறு கணக்கில் கொள்ளாததால் ஒரு பெரும்பிழை நேர்ந்தது. அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலின் மேகங்களைத் தட்பவெப்பநிலைக் கணினி மாதிரிகள் பலவும் உரிய காலத்திற்கு முன்பே உறையச் செய்துவிட்டன. உறைந்த மேகம் உதிர்ந்துவிடும். நீர்த்துளி மேகமே வெண்குடையாக நின்று ஒளியைத் தடுக்கும். எனவே மாதிரிகளில் கடல் பெற்ற சூரிய ஒளி, செயற்கைக்கோள்கள் அளந்ததைவிடக் கூடுதலாக இருந்தது. 2018இல் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரிலிருந்து புறப்பட்ட ஆய்வு விமானமும் கப்பல்களும் அம்மேகங்களில் மீக்குளிர்ந்த நீர் நிறைந்திருப்பதை நேரில் அளந்து உறுதிசெய்தன.

போர்வையா, குடையா?

நடுப்பகலில் ஒரு மேகம் குறுக்கிட்டால் தரை குளிர்கிறது. மேகம் மூடிய இரவோ வெப்பமாக இருக்கிறது. பகலில் குடையாகவும் இரவில் போர்வையாகவும் மேகம் செயல்படுகிறது. பூமியை மொத்தமாக நோக்கினால் குடையின் விளைவே மேலோங்கி நிற்கிறது. ஆர்க்டிக்கில் இது தலைகீழாகிறது. குளிர்காலம் முழுவதும் அங்கே சூரியனே எழுவதில்லை, தடுப்பதற்கு ஒளியில்லை. ஒளி வரும் பருவத்திலும் கீழே இருப்பது வெண்பனி. அது மேகத்தைப் போலவே ஒளியை எதிரொளிக்கிறது. வெண்மைக்கு மேல் வெண்மை சேர்வதால் பெரிய மாற்றமில்லை. எஞ்சுவது போர்வையின் தொழில்தான். பனிப்பரப்பிலிருந்து வெளியேறும் அகச்சிவப்புக் கதிர்களை மேகம் உட்கொண்டு கீழ்நோக்கித் திருப்புகிறது. ஆகவே நடுக்கோடையின் சிறு இடைவேளை நீங்கலாக ஆண்டின் பெரும்பகுதியில் ஆர்க்டிக் மேகங்கள் தரையை வெப்பப்படுத்துகின்றன.

இதற்கு 2012ஆம் ஆண்டு சூலைத் திங்கள் சான்றாக நிற்கிறது. அத்திங்களின் நடுவில் கிரீன்லாந்துப் பனிப்பரப்பின் மேற்புறத்தில் ஏறத்தாழ 97 விழுக்காட்டுப் பகுதி உருகியது. 3,200 மீட்டர் உயரத்திலுள்ள உச்சிப் பகுதியும் தப்பவில்லை. பனியைத் துளையிட்டு எடுத்த மாதிரிகளின்படி அவ்வுச்சி அதற்கு முன் உருகியது 1889இல். தெற்கிலிருந்து வீசிய வெப்பக்காற்று முதற்காரணம். உச்சியின் வெப்பநிலை உறைநிலையைத் தாண்டக் கடைசித் தள்ளுதலைத் தந்தது, தாழ்வாகப் படர்ந்திருந்த மெல்லிய நீர்த்துளி மேகம். சூரிய ஒளி ஊடுருவும் அளவுக்கு அது மெலிந்திருந்தது. வெப்பத்தை வெளியேவிடாத அளவுக்குத் தடித்தும் இருந்தது. சற்றுத் தடித்திருந்தால் ஒளி தடைபட்டிருக்கும். சற்று மெலிந்திருந்தால் வெப்பம் வெளியேறியிருக்கும். உச்சி உருகியிராது.

1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்துள்ளதாக 2022இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. பனிப்பாளங்கள் சுருங்கத் திறந்த கடல் விரிகிறது. திறந்த கடலிலிருந்து உப்புச் சிதறலும் நுண்தாவரங்களின் கந்தகச் சேர்மமும் மிகுதியாக மேலெழும். பனி விலகிய வழியில் கப்பல்களும் வரும். கசடு மிகுந்த கன எரிஎண்ணெயை ஆர்க்டிக் கடலில் பயன்படுத்துவதற்கான பன்னாட்டுத் தடை, சில விலக்குகளுடன், 2024 சூலையில் நடைமுறைக்கு வந்தது. மறுபுறம் ஐரோப்பிய நாடுகள் கந்தகப் புகையைக் கட்டுப்படுத்தியதால் ஆர்க்டிக் காற்றில் கந்தகத் துகள்கள் குறைந்தன. அமில மழையையும் நுரையீரல் நோயையும் தணித்த நல்ல செயல் அது. அத்துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்து மறைத்து வைத்திருந்த வெப்பமும் அத்துடன் வெளிப்பட்டது. புகையை மீண்டும் பரப்புவது இதற்குத் தீர்வாகாது. பசுங்குடில் வளிமங்களின் முழு விளைவு அதுவரை மூடியிருந்தது என்பதையே இது காட்டுகிறது.

மலைமேல் ஓர் எண்ணும் கருவி

ஜெர்மனியின் பனியுடைப்புக் கப்பலான போலார்ஸ்டெர்ன், 2019 அக்டோபர் முதல் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஆர்க்டிக் பனியோடு மிதந்து சென்றது. 2020 ஏப்ரலில், கடுங்குளிரில் உறைந்திருந்த அப்பகுதிக்குள் தெற்கிலிருந்து வெப்பக்காற்றுத் திரள் ஒன்று புகுந்தது. வெப்பநிலை உறைநிலையை நெருங்கியது. காற்றோடு தொலைதூரத் தொழிற்பகுதிகளின் மாசும் வந்தது. மேகக்கருவாகத் தகுதியுள்ள துகள்களின் எண்ணிக்கை சிறிது காலத்திற்கு ஐரோப்பிய நகரங்களில் காணப்படும் அளவை எட்டியது. சுற்றிலும் பனியைத் தவிர வேறொன்றுமில்லாத இடத்தில் நகரத்துக் காற்று!

கப்பல் பயணங்கள் முடிந்துவிடுகின்றன. நிலையங்கள் தொடர்ந்து அளக்கின்றன. நார்வேக்கு உரிய ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 79 பாகை வடக்கே நியூ ஒலேசுன் என்னும் சிற்றூர் உள்ளது. முன்பு நிலக்கரி தோண்டிய ஊர் அது. இப்போது பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் அங்கு உள்ளன. 2008 சூலையில் தொடங்கப்பட்ட இந்தியாவின் ஹிமாத்ரி நிலையமும் அவற்றுள் ஒன்று. ஊரின் அடுப்புப்புகையும் வண்டிப்புகையும் கணக்கைக் குழப்பிவிடாதபடி, துகள்களை அளக்கும் ஆய்வகம் 474 மீட்டர் உயரத்தில், செப்பலின் மலையின்மேல் அமைக்கப்பட்டிருக்கிறது. கம்பிவட ஊர்தியில்தான் மேலே செல்ல வேண்டும். மேகம் இறங்கி மலையைச் சூழும் நாள்களில் கருவிகள் மேகத்திற்குள்ளேயே இருக்கும். துளிகளை உள்ளிழுத்து, உலர்த்தி, எஞ்சும் துகளை அவை எண்ணுகின்றன. பஞ்சின் வழியே காற்றை வடிகட்டிய எய்ட்கன் பிற்காலத்தில் துகள்களை எண்ணவும் ஒரு கருவி செய்தார். செப்பலின் மலையில் இரவும் பகலும் நடப்பது அதே எண்ணிக்கைதான்.